நேற்றுக் காலை என்ன செய்தாய்?

வியாழக்கிழமை சாயங்காலம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்தது, நாளை பள்ளிக்கு விடுமுறை என்ற செய்திதான். நான் சந்தோஷப்பட்டேன். வேதியியல் ரெக்கார்டு நோட்டில் நான்கு சோதனைகள் எழுதாமல் கிடந்தன. விடுமுறை எதற்கு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. ஒரு நிமிடம் கழித்து வந்த அடுத்த செய்தியில் காரணம் இருந்தது. ஜெபமணி டீச்சர் இறந்துவிட்டார். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போய், வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாரடைப்பு.

அம்மா அடுப்படியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் மிக்சியை நிறுத்தினாள்.

"யாரு, ஒங்க கணக்கு டீச்சரா? போன வாரம்தான மார்க்கெட்ல பாத்தேன். கத்திரிக்காய ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னாவளே."

நான் மேசைக்குப் போய் நான்கு சோதனைகளையும் எழுதி முடித்தேன். கையெழுத்து நன்றாகவே வந்திருந்தது. அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை.

நம் பள்ளி மலரைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் டீச்சரைத் தெரியும். அவருடைய வெள்ளைக் குடையைத் தெரியும். "அழிக்காத. கீழ எழுது" என்ற வாக்கியம் தெரியும். கணக்கைத் தப்பாகப் போட்டால் ரப்பரைத் தொடக்கூடாது. தப்பு அப்படியே இருக்க வேண்டும். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வட்டத்துக்கு அருகில், ஏன் தப்பு என்று ஒரே சொல். அதற்குக் கீழே சரியான விடை, மூன்று முறை. இந்த விதியால் நம் நோட்டுகள் எல்லாம் அம்மை போட்ட மாதிரி இருந்தன. டீச்சருடைய மற்ற நல்ல குணங்களை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு கால அட்டவணையின் கதை. அதைச் சொல்கிறேன்.

கிழக்குக் கட்டடம் பாதுகாப்பில்லை என்று இடித்தபோது நான் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தேன். பாதி அறைகள் போய்விட்டன. அதனால் பள்ளி இரண்டு ஷிப்டாகப் பிரிந்தது. காலை ஷிப்ட் ஏழு நாற்பதுக்குத் தொடங்கிப் பன்னிரண்டு இருபதுக்கு முடியும். மதிய ஷிப்ட் பன்னிரண்டு நாற்பதிலிருந்து ஐந்து இருபது வரை. யாருக்குக் காலை, யாருக்கு மதியம் என்று முடிவுசெய்வது கால அட்டவணைப் பொறுப்பில் இருந்த ஜெபமணி டீச்சரின் வேலை.

அதை அவர் பட்டன்களால் செய்தார். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் பலநிறச் சட்டைப் பட்டன்கள் வைத்திருந்தார். ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு பட்டன். காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, பட்டன்களை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். தமிழம்மாவுக்குச் சிவப்பு. பி.டி. டீச்சருக்கு நான்கு ஓட்டைப் பச்சை. தனக்கு மட்டும் கோட்டிலிருந்து கழன்ற பெரிய பழுப்புப் பட்டன். "குண்டா இருக்கவளுக்குக் குண்டு பட்டன்தான் பொருத்தம்" என்பார்.

நான் இருந்த பத்தாம் வகுப்பு 'அ' பிரிவில் எல்லோரும் பாளையங்கோட்டைக்குள்ளேயே இருப்பவர்கள். 'இ' பிரிவில் பெரும்பாலும் முக்கூடல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாம் என்று தலைமை ஆசிரியை சொன்னாராம். டீச்சர் சம்மதிக்கவில்லை.

"தூரத்துப் பிள்ளைங்க பாவம். விடியக் கருக்கல்ல எதுக்கு ஓடி வரணும்? காலைல பைய எந்திச்சி, தெளிவான மூளையோட மூணு மணி நேரம் படிச்சிட்டு மதியம் வரட்டும்."

இப்படி 'இ' பிரிவு மதியத்துக்குப் போனது. எல்லோரும் அதை நல்ல மனம் என்றார்கள். நல்ல மனம்தான்.

எங்கள் இரண்டு பிரிவுக்கும் ஒரே அறை. காலையில் நான் உட்காரும் இடத்தில் மதியம் இசக்கியம்மாள் உட்காருவாள். ஷிப்ட் மாறும் இருபது நிமிடத்தில் குழாயடியில் பார்த்துக்கொள்வோம். நான் எப்போதும் நூலகப் புத்தகத்தோடு நிற்பதால் அவள் எனக்கு வைத்த பெயர் லைப்ரரி.

"ஏட்டி லைப்ரரி, ஒன் பெஞ்சுல என்னமோ கவித கிறுக்கி வச்சிருக்க. படிச்சிட்டு எனக்குத் தூக்கமா வருது."

"நீதான் எப்பவும் தூங்குதியே."

"ஆமா, அதுக்குத்தான பஸ் ஏறி வாரேன்."

அவள் உட்கார்ந்து போன பெஞ்சில் மறுநாள் காலை புகையிலை வாசனை இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததுண்டு. கேட்டதில்லை.

காலாண்டுத் தேர்வில் 'இ' பிரிவு சரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குச் சமமாக வந்தவர்கள். ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தகரக் கூரைச் சூடு. சாப்பிட்ட மயக்கம். கடைசிப் பாடவேளையில் பஸ்ஸைப் பற்றிய நினைப்பு. டீச்சருக்கு எதிலும் திருப்தி இல்லை. மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நான் அவர் பின்னால் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. "எரிமலை எல்லாம் வேண்டாம். இத எடு. ஷிப்டுக்கும் மார்க்குக்கும் என்ன சம்பந்தம்னு கண்டுபிடி" என்றார்.

நான் மிகுந்த உற்சாகத்தோடு ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். காலையில் எத்தனை மணி நேரம் படிக்கிறீர்கள்? 'இ' பிரிவு முழுவதும் மூன்று மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தது. நான் அதை வைத்து வரைபடம்கூடப் போட்டுவிட்டேன். குழாயடியில் இசக்கியிடம் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் புரையேறியது.

"டீச்சர் மூணு மணி நேரம்னு சொன்னாவ. நாங்க மூணுன்னு எழுதுனோம். பெறவு டீச்சர் மனசு நோவாதா?"

"அப்ப நெசமா எவ்வளவு?"

"ஏட்டி, நீ எவ்வளவு படிச்சன்னு கேட்டா எவ நெசம் சொல்லுவா? நேத்து காலைல என்ன செஞ்சன்னு கேளு."

அந்தக் கேள்வியைத்தான் மறுபடி கொடுத்தேன். நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து பள்ளிக்கு வரும்வரை என்ன செய்தாய்? பெயர் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். தாள்கள் திரும்பி வந்தன. எழுந்தேன், தண்ணீர் பிடித்தேன், பீடித் தட்டோடு உட்கார்ந்தேன். அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுத்தேன். சுற்றினேன். பத்து மணிக்குக் கட்டுக் கட்டினேன். பதினோரு மணிக்குள் பீடிக் கடையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். கையெழுத்து மாறியது. காலை மாறவில்லை. போன ஆண்டு வரை, காலையிலேயே பள்ளிக்கு ஓட வேண்டியவளை யாரும் உட்கார வைக்க முடியவில்லை. மதிய ஷிப்ட் என்றதும் வீட்டில், "சும்மாத்தான இருக்க, தட்ட எடு" என்று சொல்லிவிட்டார்கள். ராத்திரி ஏழேகாலுக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு அதன் பிறகும் படிப்பு இல்லை. பெஞ்சில் இருந்த வாசனையும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

தாள்களை டீச்சரிடம் கொடுத்தேன். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணைக்குப் போனார். மதியம் 10-இ என்று இருந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டார். பக்கத்தில் ஒரே சொல் எழுதினார்: கேட்கவில்லை.

"எங்க வீட்டுல காலைன்னா ஜெபமும் பாடமும்தான். எல்லா வீட்டுலயும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன் பாத்துக்க. ஒரு பிள்ளைகிட்டயாவது கேட்டிருக்கணும்."

அவர் முகத்தில் கோபமோ வருத்தமோ தெரியவில்லை. தப்பான கணக்கைப் பார்க்கும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாற்ற வேண்டும் என்றால் ஒரு சிக்கல். முக்கூடலிலிருந்து வரும் முதல் பஸ் எத்தனை மணிக்கு இங்கே வரும் என்று ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். 'இ' பிரிவுப் பெண்களை ஒரு நாள் மட்டும் முதல் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, டீச்சர் இருட்டோடு கிளம்பி முக்கூடலுக்குப் போய், அதே பஸ்ஸில் அவர்களோடு திரும்பி வந்தார். அன்று அந்தப் பஸ்ஸில் நடந்ததை இசக்கி என்னிடம் இரண்டு பேர் குரலிலும் பேசிக் காட்டினாள்.

"என்ன டீச்சரம்மா, பொம்பளையளுக்கு இலவசம்னு சும்மா ஊரு சுத்திப் பாக்கீயளா? இப்பத்தான இறங்குனீய?" என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார்.

"எவ்வளவு நேரம் ஆவுதுன்னு பாக்கேன் வே."

"அத என்கிட்ட கேட்டா சொல்ல மாட்டனா? ஒரு மணி நேரம்."

"நீரு சொல்லுதது பஸ்ஸுக்கு ஆவுத நேரம். பிள்ளையளுக்கு ஆவுத நேரம் எனக்கு வேணும்."

வழியெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாராம். பஸ் நிலையத்தில் இறங்கி, பெண்களோடு நடந்து, பள்ளி வாசலில் கடைசிப் பெண் நுழையும்போது எட்டே கால். கண்டக்டர் சொன்ன நேரம் நடுவில் எங்கேயோ போய்விட்டது.

அன்று முழுவதும் பட்டன்கள் நகர்ந்தன. 'இ' பிரிவுக்கு மட்டும் காலை எட்டு இருபதுக்குத் தொடக்கம். ஒரு மணிக்கு முடிவு. கடைசி நாற்பது நிமிடப் பாடவேளையின் நடுவிலேயே அறையை விட வேண்டிவரும். அந்தப் பாடவேளையைத் தன்னுடைய கணக்காக்கி, சைக்கிள் ஷெட்டில் எடுக்கிறேன் என்று பழுப்புப் பட்டனை அங்கே வைத்தார். ஒரு பிரிவு காலைக்கு வந்தால் இன்னொரு பிரிவு மதியத்துக்குப் போக வேண்டும். வீடு பக்கத்தில் இருக்கும் பிரிவு. அது நாங்கள்தான்.

புதிய அட்டவணையை டீச்சர் தன் கையால் மூன்று முறை எழுதினார். மூன்று அறிவிப்புப் பலகைக்கும் மூன்று. நகல் எடுக்கலாமே என்று அலுவலகத்தில் சொன்னதற்கு, "பிள்ளையளுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?" என்றாராம்.

என் வகுப்புத் தோழிகள் என்னைச் சும்மா விடவில்லை. "ஒன் ஆராய்ச்சியக் கொண்டுபோய் ஆத்துல போடுட்டி" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி ஒரு வாரம் பேசவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று இருந்தது. பொதுத்தேர்வில் கணக்கில் சென்டம் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்பதைவிட, எடுத்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். மதிய ஷிப்டில் தகரக் கூரைக்குக் கீழே மூன்று மணிக்குக் கணக்குப் பாடம் நடக்கும். எண்கள் கண்முன் மிதக்கும். காலையில் வீட்டில் நான் படிப்பேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "சும்மாத்தான இருக்க, ரேஷன் கடைல போய் வரிசைல நில்லு" என்று அம்மா சொன்னாள். "சும்மாத்தான இருக்க, மாவரைச்சிக் குடு" என்றாள். பீடித் தட்டு என் மடியில் இல்லை. ஆனால் அந்தச் சொல் எங்கள் வீட்டிலும் இருந்தது.

அரையாண்டு மதிப்பெண் வந்த அன்று டீச்சரிடம் போனேன். எங்களைத் திரும்பக் காலைக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன்.

"கணக்குப் போட்டவ யாரு?"

"நான்தான் டீச்சர்."

"விடை வந்த பெறவு பிடிக்கலன்னு சொல்லலாமா?"

அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கடுமையாகக் கேட்டது. அன்றிலிருந்து அவரைக் கண்டால் வேறு வழியாகப் போனேன். நூலகத்துக்குள் நுழைந்துகொள்வேன். வணக்கம் சொல்வதை நிறுத்தினேன். அவர் கவனித்தாரா என்று தெரியாது. கவனிக்காமல் இருக்கிறவர் இல்லை.

பொதுத்தேர்வில் இசக்கி தேறினாள். கணக்கில் அவள் தேறமாட்டாள் என்று அவளே பந்தயம் கட்டியிருந்தாள். 'இ' பிரிவில் எல்லோரும் தேறினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் காலாண்டில் விழுந்தவர்களில் நிறையப் பேர் எழுந்துவிட்டார்கள். எனக்குச் சென்டம் வரவில்லை. எங்கள் பிரிவில் யாருக்குமே வரவில்லை.

பதினொன்றில் இசக்கியும் நானும் ஒரே வகுப்பானோம். இப்போது ஒரே நேரத்தில் ஒரே பெஞ்சு. ஜூன் மாதம் அவள் வந்து, "டீச்சர் ஒன்ன வரச் சொன்னாவ" என்றாள். போகிறேன் என்றேன். ஜூலையில் இன்னொரு முறை சொன்னாள். அதற்கும் போகிறேன் என்றேன். மூன்றாவது முறை அவளுக்கே கோபம் வந்துவிட்டது.

"ஒனக்கு மார்க்கு கொறஞ்சதுக்கு அவுக என்னட்டி செய்வாவ? போயிட்டு வந்தா காலா தேஞ்சிரும்?"

"நாளைக்குப் போறேன்."

அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை நான் போகவில்லை. வியாழக்கிழமை பற்றி முதலிலேயே எழுதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை டீச்சர் வீட்டு முன் நாங்கள் வகுப்பு வாரியாக வரிசையில் நின்றோம். அவரை நல்ல வெள்ளைப் புடவையில் படுக்க வைத்திருந்தார்கள். கைக்கடிகாரம் கையிலேயே இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது. நான் அதில் நேரம் பார்த்தேன். பத்து முப்பத்தைந்து. ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. ஆலய மணி அடிக்கும்போது இசக்கி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

"நீயும் அழுதுருட்டி."

"வரல."

"வராட்டா கெடக்கட்டும். நில்லு."

நின்றேன்.

மறுவாரம் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். மேசையில் பிஸ்கட் டப்பா இருந்தது. பட்டன்களுக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பழைய அட்டவணைதான். 10-இ மேல் போட்ட சிவப்பு வட்டம் இருந்தது. அதோடு இன்னொரு வட்டம் இருந்தது, பிறகு மதியத்துக்குப் போன எங்கள் 10-அ மேல். பக்கத்தில் அதே சொல்: கேட்கவில்லை. கீழே மூன்று முறை ஒரே வாக்கியம் எழுதியிருந்தது. ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் ஷிப்டை மாற்றுக. எந்தப் பிரிவும் ஆண்டு முழுவதும் மதியத்தில் இருக்கக்கூடாது.

இந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு ஷிப்ட் சுழற்சி முறையில் வரும் என்று ஜூனில் அறிவித்தபோது, அது தலைமை ஆசிரியையின் யோசனை என்றே நான் நினைத்திருந்தேன்.

"பின்பக்கம் பாரும்மா. உன் பேரு இருக்கு. எனக்கு ஒண்ணும் விளங்கல" என்றார் தலைமை ஆசிரியை.

பின்பக்கத்தில் என் பெயர் இருந்தது. அதன் கீழே, "இவளிடம் கேட்க வேண்டும்: மதிய ஷிப்டில் இருந்தபோது காலையில் என்ன செய்தாய்?" என்று எழுதி, விடைக்கு நான்கு விரல் அளவு இடம் விட்டிருந்தார். இதற்காகத்தான் மூன்று முறை ஆள் அனுப்பியிருக்கிறார்.

பட்டன் டப்பாவை நான் கேட்கவில்லை. அடுத்து அட்டவணை போடுகிறவருக்கு அது வேண்டும். பழுப்புப் பட்டனும் அதிலேயே இருக்கிறது. அது யாருக்கு என்று அவர்கள் முடிவுசெய்வார்கள். தாளை மட்டும் தலைமை ஆசிரியை என்னை வைத்துக்கொள்ளச் சொன்னார். டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தாளும், அதில் அவர் விட்ட நான்கு விரல் இடமும், அழிக்கக்கூடாது என்ற விதியும்தான்.

எனவே விதிப்படி செய்கிறேன். டீச்சர் மூன்று முறை கூப்பிட்டார். நான் போகவில்லை. இதை அழிக்கவில்லை. வட்டம் போட்டிருக்கிறேன். அதற்கு அருகில் எழுத வேண்டிய ஒரு சொல்லைத் தேடினேன். கேட்கவில்லை என்பதே எனக்கும் பொருந்துகிறது. கேட்பதற்காகக் கூப்பிட்டவருக்கு விடையும் சொல்லவில்லை.

கீழே எழுதுகிறேன். டீச்சர், மதிய ஷிப்டில் இருந்தபோது காலை ஆறு மணிக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்தேன். ரேஷன் கடை வரிசையில் நின்றேன். மாவரைத்தேன். ஒரு மணி நேரம் படித்தேன், மூன்று மணி நேரம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பதினொன்றரைக்குச் சாப்பிட்டேன். பன்னிரண்டு மணிக்கு, உங்கள் கண்ணில் படாமல் இருக்க, பின்வாசல் வழியாகப் பள்ளிக்கு வந்தேன்.

மூன்று முறை எழுத வேண்டும். இது முதல் முறை.